கன்னியாகுமரிக்குக் கொண்டுபோன சாமான்கள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். அடைமழையில் குச்சி காயாததால் தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு வேலை நின்றிருந்தது. அதுவரை நான் கடல் பார்த்ததில்லை. கோவில்பட்டியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் வழியில் முன்பின் தெரியாதவர்களிடம் படுக்க இடம் கேட்பது என்னால் ஆகாத காரியம். டீயில் சீனி குறைவு என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அதனால் பம்பு, பஞ்சர் ரப்பர், ஒரு டியூப், ஸ்பானர் என்று சேர்த்த சாமான்களோடு, பேசுவதற்கென்று என் மச்சினனையும் சேர்த்துக்கொண்டேன். அவனிடம் வேறு உபயோகம் கிடையாது.

அவன் சைக்கிளைக் கல்யாண வீடு மாதிரி ஜோடித்திருந்தான். ஹேண்டில்பாரில் இரண்டு கண்ணாடி, சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறை, பளபளக்கும் புது மட்கார்டு. கேரியரில் தலையணை, அதன்மேல் டிரான்சிஸ்டர். பம்பு வாங்கினாயா என்று கேட்டேன்.

"அதான் நீங்க வச்சிருக்கீயள்லா."

நான் என் சைக்கிளின் மட்கார்டு இரண்டையும் கழற்றுவதைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி சிரித்தான்.

"கோமணம் கட்டாத ஆளு மாதிரில்லா இருக்கு அத்தான்."

"மழை நேரம் மாப்ளே. மண்ணு அப்பும்."

"நாம என்ன உழுவதுக்கா போறோம்? தார் ரோடுல்லா."

கரிசலில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சு இது.

வழியில் ஒரு டீக்கடை விடாமல் நின்று, டில்லிக்குப் போகிறவன் போல அளந்தான். எப்போதும்வென்றான் என்ற ஊரில் அவனுடைய சித்தி வீட்டில் தங்க ஏற்பாடு. ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கியதுமே கரிசல் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. தோளில் தூக்கப்போய்க் கண்ணாடியை உடைத்தான். சித்தி கோழி அடித்துப் போட்டாள். விடிந்து பார்த்தால் தலையணையில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"இடுப்பு வலிக்கி அத்தான். நான் வரல. கடல் எங்க ஓடிரப் போவுது?"

இனி எனக்காக யார் பேசுவது? ஆனாலும் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொழுது இருக்க முடியாது. கிளம்பிவிட்டேன்.

திருச்செந்தூர் நெருங்கும்போது இருட்டத் தொடங்கி, மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கன போறீய அண்ணாச்சி, இந்த மழையில?" கடைக்காரர்தான் கேட்டார்.

"கன்னியாகுமரி."

"சைக்கிள்லயா? நல்லாத்தான் கிறுக்கு பிடிச்சிருக்கு. உள்ள பெஞ்சு கிடக்கு, படுத்துட்டு விடியப் போங்க."

நான் சொன்னது ஒரே ஒரு சொல். நனைந்த ஆளையும் மூட்டை கட்டிய சைக்கிளையும் பார்த்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் தாங்களே கேட்கிறார்கள். மச்சினன் எந்தக் கடைக்காரரையும் வாய் திறக்க விடாததால் இது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. இதற்காகவா அந்தத் தண்டச்சுமையை இழுத்துக்கொண்டு வந்தேன்!

டீயைக் குடித்துவிட்டு, கடல் எந்தப் பக்கம் என்று நானாகவே கேட்டேன்.

"காது கேக்கலியா? அந்தா இரையுதுல்லா" என்றார்.