வேனில் இருந்த நோட்டு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், நடக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் சிறிய இல்லம் ஒன்று உண்டு. அதன் செயலாளர் ரேணுகாம்பாள். வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, பதினோராண்டுகள் துணிக்கடையில் நின்றே வேலை பார்த்தவர். கோபத்தோடு வரும் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் கைதேர்ந்தவர்.

ஆனால், அந்த ஆண்டு தவறு அவருடையதாகவே இருந்தது. நல்ல நாள் என்று எண்ணி, இல்லத்தின் ஆண்டு விழாவைப் பௌர்ணமியன்று வைத்துவிட்டார். குழந்தைகளை அழைத்து வரும் வேனை வாங்கிக் கொடுத்து, அதை ஓட்டும் செலவையும் ஆண்டுதோறும் ஏற்பவர், செங்கம் சாலையில் விடுதி நடத்தும் ராஜேந்திரன். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கிரிவலக் கூட்டத்திற்காக வண்டிகளை மறித்த தடுப்பில் அவருடைய காரும் நின்றது. நடக்க இயலாமல் திரும்பிவிட்டார். அவருக்கென வாங்கிய சால்வையோ, நடந்து வந்த வேறொரு பிரமுகரின் தோளில் ஏறியது. அதன்பின் ராஜேந்திரன் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அவர் கைவிட்டால் மாத இறுதியில் வேன் நின்றுவிடும். பதினான்கு குழந்தைகளின் பயிற்சியும் நின்றுவிடும்.

"பெரிய மேடையா போட்டு, பஸ் ஸ்டாண்டுல பேனர் வெச்சிடலாம்மா. பசங்கள விட்டு அவருக்கு மாலை போடச் சொல்லலாம்," என்றார் இல்லத்தின் தலைவர் அருணகிரி.

"பசங்க மாலை போட வரலைங்க, நடக்க வர்றாங்க. நானே போய்ப் பேசிட்டு வர்றேன். வேன் நிக்காது."

மறுநாள் காலை, ஓட்டுநர் திருமலையுடன் அதே வேனில் விடுதிக்குச் சென்றார்.

"வாம்மா. நடந்தா வந்தே?" என்றார் ராஜேந்திரன், நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"உங்க வேன்லதாங்க ஐயா. உங்க காலை நெனச்சுப் பாக்காம நாள் குறிச்சது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"சால்வை கொண்டாந்தியா? வீட்ல ஏற்கெனவே ஜாஸ்தி கெடக்குது."

"இல்லைங்க. இதப் படிங்க."

அவர் நீட்டியது எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. எந்தக் குழந்தை எப்படி வண்டியில் ஏறியது என்று திருமலை நாள்தோறும் அதில் எழுதி வந்தார். ராஜேந்திரன் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். ஜூனில், ‘வினோதினி, தூக்கி ஏற்றினோம்.’ செப்டம்பரில், ‘வினோதினி, கை பிடித்து ஏறினாள்.’ பிப்ரவரியில், ‘வினோதினி, தானே ஏறினாள்.’ அந்த வரியில் அவர் விரல் நின்றது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். மேசையில் இருந்த டீ ஆறியது.

"இந்த ரேவதி மூணு வாரமா காணோமே, ஏன்?"

ரேணுகாம்பாள் பூசி மெழுகவில்லை. "வளந்துடுச்சுங்க. படி ஒசரம். தூக்கி ஏத்த முடியல."

"இத எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நாலு வருஷமா வெறும் நன்றிக் கடுதாசிதான் வருது."

"இனிமே மாசாமாசம் இந்த நோட்டோட நகல் வருங்க. கொறையும் சேத்தே வரும்."

ராஜேந்திரன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வேன் ஓடட்டும். படியையும் தாழ்த்திடலாம். அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ ஒசரம் தோதுன்னு மொதல்ல பாக்கணும். வாங்க."

வீட்டுக்கு வரலாமா என்று ரேவதியின் தாயிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட பிறகே ரேணுகாம்பாள் வேனின் கதவைத் திறந்தார். அந்தப் படி ராஜேந்திரனுக்கும் உயரமாகத்தான் இருந்தது. திருமலை கை கொடுத்தார். பிறகு நோட்டை வாங்கி, அன்றைய தேதியின் கீழ் வழக்கம்போல் எழுதினார்: ‘ராஜேந்திரன் ஐயா, கை பிடித்து ஏறினார்.’