வாசற்படி ஆளும் வீட்டுக்காரியும்

பேருந்து ஓட்டுநர் "பின்னால் நகருங்கள்" என்று ஆங்கிலத்தில் அதட்டியதுமே, இவர் மனதுக்குள் அவரை நான்காம் படியில் ஏற்றிவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண்மணி கைப்பேசியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டார். கேட்ட விதம் சரியில்லை. ஒரு படி இறக்கம். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னால்கூட, வலி அப்புறம்தான். அந்த வாக்கியம் எந்தப் படி என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

தொழில் அப்படி. உள்ளூர் ஆங்கிலத் தேர்வுகளை, பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஆறு படி மொழித்திறன் ஏணியோடு பொருத்திப் பார்க்கும் குழுவில் இவர் ஒரு நடுவர். எவ்வளவு மதிப்பெண் வாங்கினால் மூன்றாம் படி என்று கோடு கிழிக்க வேண்டும். வேலைக்கும் குடியுரிமைக்கும் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கோடுதான் கதவு.

கிழிக்கும் முறைதான் வேடிக்கை. மூன்றாம் படியில் இப்போதுதான் ஒற்றைக் காலை வைத்த ஒருவனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். குழுவில் அவனுக்கு 'வாசற்படி ஆள்' என்று பெயர். இந்தக் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியும் என்றால் பச்சை அட்டை, முடியாது என்றால் சிவப்பு. பச்சை விழுந்த கேள்விகளின் எண்ணிக்கைதான் தேர்ச்சி மதிப்பெண் என்பதால், பச்சை கூடக் கூடத் தேர்ச்சிக் கோடு மேலே ஏறும். அதாவது, நடுவர்கள் அவன்மேல் நம்பிக்கை வைக்க வைக்க, ஊரில் தோற்பவர்கள் பெருகுவார்கள்.

இவர் அவனுக்கு உயிர்த்தோழர். "பாவங்க, இவ்வளவு நீள வாக்கியத்துல அவன் மூச்சு முட்டியே போயிடுவான்" என்று சிவப்பை ஆட்டுவார். இல்லாத அந்த ஆளுக்காக இவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டவர்கள் உண்டு.

இருக்கிற மனைவியிடம் மட்டும் கறார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் தற்காலிக வேலை பார்க்கும் மனைவி, வார்டு உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். மூன்றாம் படி கட்டாயம். வீட்டில் மனைவி ஆங்கிலத்தில் வாய் திறந்தால், இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டாம் படி என்று அர்த்தம்.

"ஏங்க, நல்லா பேசறேன்னு ஒரு தடவை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்லிட்டா நீ படிக்க மாட்ட."

"நீங்க எனக்குப் புருஷனா, இல்ல பரீட்சை ஹால் சூப்பர்வைசரா?"

போன வாரம் தேர்வு எழுதிவிட்டு மனைவி துள்ளிக்கொண்டு வந்தார். "ஒரு டாக்டரும் நோயாளியும் பேசற ரெக்கார்டிங் போட்டாங்க. மாத்திரை சாப்பிட்டேன்னுதான் அந்த மனுஷன் சொல்றான். ஆனா சாப்பிடலைங்க! குரல்லயே தெரிஞ்சுபோச்சு. கரெக்டா போட்டுட்டேன்."

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் இவர். சொந்தக்காரர் தேர்வு எழுதினால் குழுவிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அதையும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

முடிவு வெளியாகும் முன், அந்தத் தேர்வுக்கே கோடு கிழிக்கக் குழு கூடியது. காலையிலிருந்து இவர் கையில் சிவப்பைத் தவிர வேறில்லை. கோடு கொஞ்சம் தாழ்ந்தால் மனைவி உள்ளே வந்துவிடலாம்.

"என்ன சார், இன்னைக்கு உங்க ஆளுக்குக் காய்ச்சலா?" என்று பக்கத்து நடுவர் கிண்டினார். இவர் சிரித்து மழுப்பினார்.

பிறகு அந்த ஒலிப்பதிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டதாக நோயாளி சொன்னார். குரல் எங்கோ லேசாக வழுக்கியது. ஆறாம் படிக்காரரான இவருக்கே மறுமுறை போட்டபோதுதான் அது பிடிபட்டது.

அறை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சை.

குழுத் தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சார், அட்டையை மாத்தித் தூக்கிட்டீங்க போலிருக்கு. இதைப் போய் வாசப்படி ஆளு கண்டுபிடிப்பானா? கோடு ஏறிடும், யோசிச்சுக்குங்க."

இவர் பின்வரிசைக்கும் தெரியும்படி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.