முப்பது கூடை, இருபது கூடை

அந்தச் சனிக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு என் மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கம் அந்தக் கோடையில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. எங்கள் கொல்லையில் இருந்த உறைக்கிணற்றைத் தூர்வார அண்ணன் தம்பி இரண்டு பேரைப் பேசியிருந்தேன். ஆயிரம் ரூபாய் ஒப்பந்தம்; பாதி வேலை முடிந்ததும் பாதிப் பணம். ஒருவர் உள்ளே இறங்கிச் சேற்றைக் கூடையில் வாருவார். மற்றவர் மேலே நின்று கப்பியில் இழுத்துக் கொட்டுவார். கொஞ்ச நேரம் போனதும் இடம் மாற்றிக்கொள்வார்கள். யார் எங்கே நின்றாலும் கூலி ஆளுக்குப் பாதி. தம்பிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம்.

மகள் அப்போது எட்டாவது. ஒருவர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பார், இன்னொருவர் பதினைந்து நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் கூலியை எப்படிப் பிரிப்பது என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேலே நின்ற தம்பி காது கொடுத்துக் கேட்டார்.

"பாப்பா, அது இன்னா கணக்கு? எங்க ரெண்டு பேருக்கும் போடு, பாக்கலாம்."

விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் விளையாட்டாகத்தான் எண்ணினாள். தம்பி உள்ளே இருந்தபோது முப்பது கூடை வந்தது. அதே அளவு நேரம் அண்ணன் உள்ளே இருந்தபோது இருபது. அவருக்கு முழங்கால் வலி உண்டு.

"மூணுக்கு ரெண்டு," என்றாள் மகள். "ஐந்நூறுல உங்களுக்கு முந்நூறு, பெரியவருக்கு எரநூறு."

அண்ணன் சேற்றுக் கையை உதறிக்கொண்டே சிரித்தார். "டேய், நீ முப்பது கூட வாருன, சரி. அத்த மேல இழுத்தது யாரு? செத்துப்போன நம்ப நைனாவா?"

எல்லோரும் சிரித்தோம். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"புக்குலயே அப்டித்தான் போட்டுகீது."

"புக்கு வந்து கெணத்துல எறங்குமாடா?"

"எறங்குறது நானு. நீ பாதி நேரம் முட்டிய நீவிக்கினு கீற."

எப்போதும் போலப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் நான் நோட்டுகளை நீட்டினேன். தம்பி மூன்று நூறை உருவிக்கொண்டார். அண்ணன் மிச்சத்தை மடியில் செருகிக்கொண்டு, "நல்லாருடா" என்றார். அந்தக் குரல் வாழ்த்துகிற குரலாக இல்லை.

மறுநாள் காலை அண்ணன் மட்டும் வந்தார். தம்பி ராத்திரியே ராஜகுளத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"பரவால்ல சார். நான் ஒண்டியா எத்தினி கூட எடுக்கறேன்னு பாப்பா எண்ணட்டும். அப்ப எந்தக் கணக்கும் தகராறு இல்ல."

இந்த வேலையைத் தனியாகச் செய்யமுடியாது என்று அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன். மேலே நிற்க ஓர் ஆளைக் கூட்டி வருகிறேன், அதுவரை இறங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அவர் காத்திருக்கவில்லை. கயிற்றை வேப்பமரத்தில் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். உள்ளே வாரி, மேலே ஏறி வந்து தானே இழுத்துக் கொட்டி, மறுபடி இறங்கியிருக்கிறார்.

ஆளோடு நான் திரும்பும்போது மகள் செருப்பில்லாமல் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, அஞ்சாவது கூடை வரல. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாரு."

சேற்றைக் கிளறினால் சில கிணறுகளில் கெட்ட காற்று கிளம்பும். மேலே விவரம் தெரிந்த பெரிய ஆள் இருந்தால் பேச்சு நின்ற உடனே தெரிந்துவிடும், இழுத்துவிடுவார்கள். நான் கூட்டி வந்தவர் அப்படியே இறங்கப் போனார். அக்கம்பக்கத்தார் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி வரும்வரை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அந்த வட்டத்தைச் சுற்றி நின்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு குரலும் மேலே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

ராஜகுளத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போன் போட்டுச் சேதி சொன்னோம். நான் வீட்டுக்கு வந்தபோது மகள் சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். "முப்பதையும் மேல இழுத்தது அவருதாம்பா. அதை நான் சேக்கவே இல்ல," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கணக்கில் மேலே நிற்கிற ஆள் கிடையாதம்மா, புத்தகத்தில் இருந்ததைத்தானே நீ போட்டாய் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். சொன்ன நேரத்துக்குப் போன் வராவிட்டால் இன்றும் நானே விடுதிக்குப் போன் போட்டுவிடுகிறேன்.

அன்று நான் பயந்ததெல்லாம் தம்பி வந்து அவளை என்ன சொல்வாரோ என்றுதான். ஒரு சொல் போதும், பதின்மூன்று வயதுப் பெண் ஆயுளுக்கும் அதைச் சுமப்பாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரை மறித்துப் பேசிவிட வேண்டும் என்று மறுபடி போய் நின்றேன்.

மதியம் தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. உள்ளே போனார், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். என் எதிரில் நின்றார். கூலியைப் பற்றிப் பேசவில்லை, மகளைப் பற்றியும் கேட்கவில்லை.

"சார், காலைல எங்கண்ணன் எதனா துன்னுட்டு எறங்குச்சா?"