விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் வீடு ஒருநாள் எழுந்து நடந்துபோகும் என்று நான் முழுசாக நம்பியிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த வீட்டைக் கட்டியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் மிஷின் வந்துகொண்டிருந்த காலத்திலும் அவர் கொத்துவேலையை விடவில்லை. நல்ல மேஸ்திரி என்று பேர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். தங்கச்சிக்குக் கட்டும் வீடு என்று ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வைத்தார் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

குடிவந்து மூன்றாம் வருஷம் அப்பா மெத்தை என்று நாங்கள் சொல்லும் மாடியில் இரண்டு பனியன் மிஷின்களை ஏற்றினார். அதிலிருந்து வீட்டுக்குள் ஓயாத ஒரு ரீங்காரம். மோட்டார் ஓடும்போது அடுப்படிக் குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். மாடிப்படி வழியாக இறங்கும் நூல் தூசி, ஜன்னல் வெயிலில் எங்கும் போக மனமில்லாததுபோல் மிதக்கும். மத்தியானம் மூலை அறைக் கட்டிலில் படுத்து அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். தூக்கத்திலும் சத்தம் கேட்கும். ஏதோ பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் பத்திரமாக இருப்பதுபோல் இருக்கும்.

அந்த அறையின் சுவரில்தான் விரிசல் வந்தது. முதலில் தலைமுடி அளவுக்கு. பிறகு என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அறைக் கதவு தரையில் உரச ஆரம்பித்தது. ஆசாரியை அழைத்து அடியில் இழைத்துக் கொடுக்கச் சொன்னார் அம்மா. ஒரு மாசத்தில் மறுபடி உரசியது.

மாமா வந்து பார்த்தார். "பூச்சு காய்ஞ்சா இப்பிடித்தான் கோடு உழும். ஒண்ணுமில்ல தாயி" என்று அம்மாவிடம் சொல்லி, சாந்து பூசி மூடிவிட்டுப் போனார். ஐப்பசி மழை முடிந்ததும் அதே இடத்தில் விரிசல் திறந்துகொண்டது.

வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று அம்மா சொன்னபோது அப்பா பதறிப்போனார்.

"மச்சான் கட்டுன ஊட்டுல வெளியாளக் கூட்டியாந்து குத்தம் பாக்கறதா? அவரு மொகத்துல எப்பிடி முழிக்கறது?"

"அவரு கட்டுனதுனாலதானுங்க வெளியாளுங்கறேன். அவருகிட்டயே கேட்டா அவரு வேற என்னங்க சொல்லுவாரு? புள்ள அந்தச் செவுத்தோரம்தான் படுத்துக்கறா."

தாராபுரத்திலிருந்து ஒரு ஓவர்சியர் வந்தார். சர்க்கார் கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லை, மாமாவையும் தெரியாது. அதற்காகவே அம்மா விசாரித்து வரவழைத்தார்.

அவர் வீட்டைப் பார்த்ததுபோல் அதுவரை யாரும் பார்த்து நான் கண்டதில்லை. சுத்தியலால் சுவரைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மூலையில் குண்டு கட்டிய தூக்குநூல் விட்டு, அது ஆடி நிற்கும்வரை பேசாமல் காத்திருந்தார். மெத்தைக்கு ஏறிப்போய் மிஷின்களைச் சுற்றிவந்தார்.

"இதுகள மேல ஏத்தறதுக்கு மின்னயே ஒருத்தருகிட்டக் காட்டியிருக்கோணுங்க. அது போவட்டும், கதவு உரசுனப்பவாச்சும் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். அப்பா தலையைச் சொறிந்தார்.

பிறகு பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டினார். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு எனக்கே விளக்கினார்.

"கண்ணாடிக்கு வளையத் தெரியாது கண்ணு. செவுரு துளி அசைஞ்சாலும் ஒடஞ்சுபோகும். ஒடயலீன்னா பழைய விரிசல், பயமில்ல. ஒடஞ்சா ஊடு நடக்குதுன்னு அர்த்தம். ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன்."

ஊடு நடக்குது! அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீடு மெதுவாக எழுந்து, படிகளைத் தூக்கிக்கொண்டு, பல்லடம் ரோட்டில் பஸ்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்து போவதாகத் தோன்றும். ஆற்றங்கரை எங்காவது போய் உட்கார்ந்துகொண்டால் நல்லது என்று நினைப்பேன். சாயங்காலம் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்ப்பேன். வீடு அங்கேயே இருக்கும். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கண்ணாடி உடைந்திருந்தது. விழவில்லை, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. அம்மா துவைக்கப் போயிருந்தார், அப்பா மெத்தையில். அந்நேரம் பார்த்து மாமா வேலைப் பையோடு உள்ளே வந்தார். "மாமா, ஊடு நடந்துருச்சு!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னை வெற்றிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்.

திரும்பி வந்தபோது மாமா இல்லை. கண்ணாடி முழுசாக இருந்தது.

போன வீடு திரும்பி வந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஈரத்துணியுடன் வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா அறைக்குள் போய்க் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தொட்டார். விரலில் சாம்பல் நிறமாக ஈரம் ஒட்டியது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாமா வந்தத ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு."

அன்றே என் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார். ஒரு கார்டு எழுதி என்னிடம் கொடுத்துத் தபால்பெட்டியில் போடச் சொன்னார். 'மாசம் முடியக் காத்திருக்க வேண்டாம், உடனே வரவும்' என்று அதில் இருந்தது.

ஓவர்சியர் வந்தார். மரியாதைக்கு அப்பா மாமாவையும் வரச் சொல்லியிருந்தார். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்ததும் ஓவர்சியர் திரும்பினார்.

"இது நான் ஒட்டுனது இல்லீங்க. நான் வெச்சது சுண்ணாம்பு. இது சிமிட்டி."

மேலே மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கையிலிருந்த காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற புள்ளதானுங்க" என்றார் அம்மா. "பந்து வெளயாடி ஒடச்சுப்போட்டா. நான்தான் வேற ஒண்ண ஒட்டுனேன்."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் பந்தும் இருந்ததில்லை. அப்பா என்னை முறைத்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓவர்சியர் என் எதிரே குனிந்தார். "அந்தக் கண்ணாடி எப்பிடி ஒடஞ்சுது கண்ணு? சில்லுச் சில்லாவா, ஒரே கோடாவா?"

"ஒரே கோடு" என்றேன், விம்மலுக்கிடையில்.

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு மாமாவை ஒருமுறை. பந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மூலையில தோண்டிப் பாத்துருலாங்க" என்று மட்டும் சொன்னார்.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையை எடுத்துப்போய், யாரும் இடம் காட்டாமலே சுவர் மூலைக்கு வெளியே நேராக இறக்கினார். அஸ்திவாரக் கல் முடிந்த இடத்துக்குக் கீழே கெட்டி மண் இல்லை. உடைந்த ஓடு, சாம்பல், பானைச் சில்லு என்று வந்துகொண்டே இருந்தது.

"பழைய கெணறு மாப்ள" என்றார் மாமா, குழிக்குள் நின்றபடி அப்பாவிடம். "ஆரோ குப்பையப் போட்டுத் தூத்துருக்காங்க. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போயிருக்கோணும். மழ வந்துருச்சு, பால் காச்ச நாளும் குறிச்சாச்சு. கீழ் ஊடு மட்டும்னா தாங்கும்னு நெனச்சுட்டேன். நீங்க மிஷின ஏத்துனப்ப சொல்லோணும்னு வந்தேன். நாக்கு எழல."

அப்பா மெத்தைக்கு ஏறிப்போய் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதி எனக்குப் புதிதாக இருந்தது. மிதந்துகொண்டிருந்த தூசிகூட அப்படியே நின்றுவிட்டதாகத் தோன்றியது.

மிஷின்கள் வாடகைக் கொட்டகைக்குப் போயின. மாமாவே ஆட்களை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, கீழிருந்து கல் கட்டி மூலையைத் தாங்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகே மேலே கட்டினார். வேலை நடந்த நாளெல்லாம் அம்மா மாமாவுக்கு எப்போதும்போலச் சோறு போட்டார். எப்போதும்போல அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டார். கண்ணாடியைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்கவில்லை. அப்பாவோ வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் என் பந்துக் கதையைச் சொல்லிச் சிரித்தார். கடைசிவரை அதை நம்பினார்.

நான் அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தலை பின்னிக்கொள்ள உட்கார வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் பின்னி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"நான் ஒடைக்கவே இல்லியேம்மா. ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

அம்மாவின் கை நின்றது.

"நீ ஒடச்சதுன்னா வெறும் கண்ணாடியோட போயிரும் கண்ணு."

"மாமா ஒட்டுனதுன்னா?"

அம்மா என் தலையை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. மறுபக்கப் பின்னலை ஏன் இத்தனை இறுக்கிப் பின்னுகிறார் என்று எரிச்சல்தான் பட்டேன்.