மீனில் பங்கில்லாத கண்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஒருவரையும் பிறத்தியாரிடம் கையேந்த விடவில்லை. இதை முதலில் எழுதச் சொன்னேன், மற்றதெல்லாம் பிறகு.

முல்லைத்தீவுக் கரையில் இருந்த காலம். போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லை, போட் இஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அப்படி ஓடும் இஞ்சின் நடுக்கடலில் நின்றால் மறுபடி உயிர் வருவது கடினம். ஒரு வாடைக் காலத்தில் நின்றுபோன போட் ஒன்று கரைக்குத் திரும்பவே இல்லை. போனவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையில்தான். அதன்பிறகு விடியற்காலையில் கடல் இரைவது கேட்டாலே எழும்பி வாசலில் போய் நின்றுவிடுவேன்.

உடல் இல்லாமலே பூசை வைத்தோம். முடிந்து கோயில் வளவில் இருந்தபோது பாதர் ஒரு கதை சொன்னார். வானத்துக்கு ரொக்கெட் விடுகிற இடத்தில் அதைச் செய்கிறவர்கள் வேறு, அது பத்திரமா என்று பார்க்கிறவர்கள் வேறாம். ரொக்கெட்டை விடுகிற அதிகாரிக்குப் பார்க்கிறவர்கள் அடங்கத் தேவையில்லையாம். அவர்களுக்குத் தனி மேலாள். எல்லாருக்கும் பெரியவரிடம் நேரே போய்ச் சொல்ல அவருக்கு வழி உண்டாம். தன் வேலையைத் தானே பார்த்து நல்லது என்று சொல்ல அங்கே ஒருவரையும் விடமாட்டார்களாம். அவர்களும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகுதான் இதை இறுக்கிப் பிடித்தார்களாம்.

“அவையளிட்டை ரொக்கெட் இருக்கு பாதர். எங்களிட்டை மண்ணெண்ணெய்ப் போத்தில்தான்,” என்றார் ஒரு சம்மாட்டி. போட்டின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம்.

சிரித்தார்கள். ஆனாலும் மீனவர் சங்கம் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டது. இறக்குமுன் போட்டைப் பார்க்க இரண்டு பேர். அவர்களுக்கு மீனில் பங்கில்லை. சம்மாட்டி சொல்லைக் கேட்கத் தேவையில்லை. சங்கத் தலைவரிடம் நேரே போகலாம். தன் வீட்டு ஆள் ஏறும் போட்டை மட்டும் பார்க்கக்கூடாது.

ஒருத்தி நான். அதற்கு முன்பே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். என் வாய்க்கு ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். மற்றவர் உடையார்கட்டிலிருந்து வந்து கரையோரம் தங்கி இஞ்சின் திருத்துகிறவர், பிறப்பில் மலைநாட்டு ஆள், கரையில் சொந்தபந்தம் இல்லாதவர். மலையிலை கடல் இருக்கோ என்று அந்தச் சம்மாட்டி நக்கலடித்தார்.

“கடல்னா எனக்குப் பயமுங்க. அதனாலதான் நல்லாப் பாக்குறேன்,” என்றார் அவர்.

ஒருவர் வாயால் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நங்கூரக் கயிறு இருக்கிறது என்றால், முழுவதையும் மணலில் இழுத்துப் போடு என்பேன்.

என் கடைசி மகன் அந்தச் சம்மாட்டியின் போட்டில் தொழிலுக்குப் போனான். அதனால் அதை இஞ்சின்காரர்தான் பார்ப்பார். ஒருநாள் விடிய அவர் மலேரியாவில் கிடந்தார். நான் வேறொரு போட்டைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன், சம்மாட்டி வந்து நின்றார்.

“பெத்த தாயைவிட ஆர் நல்லாப் பார்க்கப்போகினம்? ஒருக்காப் பாருங்கோ அக்கா.”

மாட்டேன் என்றேன். வீட்டில் அரிசி இல்லாத நாளில் என் கண் இருக்கிற ஓட்டையை மறைக்கும். பயம் பிடித்தால் இல்லாத ஓட்டையைக் காணும். இஞ்சின்காரருக்கு ஆள் அனுப்பினேன். போர்வையைப் போர்த்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க வந்தார். மணலில் கதிரை போட்டு இருத்தினோம். இஞ்சினைக் கொழுவும் பின்பலகையைத் தடவிப் பார்த்து, வெடித்திருக்கிறது, வேண்டாம் என்றார்.

காய்ச்சல்காரனுக்கு எல்லாப் பலகையும்தான் ஆடும் என்றார் சம்மாட்டி. தலைவரைக் கூப்பிட்டோம். அவரும் தடவினார்; போட் கரையிலேயே நின்றது.

மகனுக்குக் கோபம். ஊரெல்லாம் மீன் பொரிய எங்கள் சட்டி மட்டும் காயட்டும் என்று கத்திவிட்டு, இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு போட்டில் ஓடிப்போய் ஏறினான். அதற்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது. அது சற்று முன் நான் பார்த்த போட். நான் வாய் திறக்குமுன் அலையைத் தாண்டிவிட்டது.

அப்போது பிடித்த பயம் இன்னும் முழுதாக விடவில்லை. அந்தப் போட்டின் நங்கூரக் கயிற்றை நுனிவரை இழுத்தேனா? யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று பாதியில் விட்டேனா? கயிற்றின் நுனியை நினைவில் தேடினேன், வரவில்லை. பின்னேரம் வானம் கறுத்து வாடை எழும்பியது. மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. இஞ்சின்காரர் வீட்டுக்குப் போகாமல் காய்ச்சலோடு பக்கத்திலேயே இருந்தார்.

“தம்பி, நான் அதைச் சரியாப் பார்த்தனானோ?”

“அது உங்களுக்குத்தான் தெரியும் அக்கா,” என்றார்.

பொழுது படுகிற நேரம் அந்தப் போட் வந்தது. இஞ்சின் நின்று, காற்று தணியும்வரை நங்கூரத்தில் கிடந்திருக்கிறார்கள். மகன் என் முகத்தைப் பாராமல் தண்ணீர் கேட்டான். நான் அவனை விட்டுவிட்டுப் போட்டுக்குள் ஏறி, நனைந்த கயிற்றைக் கையால் அளைந்து நுனியைத் தேடினேன். முழுக் கயிறும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தலைவரிடம் போய், பார்த்து முடிந்த போட்டில் ஆள் மாறினால் பார்க்கிறவரும் மாறவேண்டும் என்று கேட்டேன். சங்கம் அதையும் சேர்த்துக்கொண்டது. சம்மாட்டி முணுமுணுத்தார், ஆனால் கட்டுப்பட்டார்.

அந்த மகன்தான் இதை எழுதுகிற பேத்தியின் தகப்பன்.

“எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. பொறு, பக்கத்து வீட்டுப் பெட்டையையும் கூப்பிடு. நீ எங்கடை ரத்தம், பிழையிருந்தாலும் உனக்குத் தெரியாது. அவள் இருக்க வாசி.”