கடலில் விட்ட மத்தாப்பு

துபாயில் இலையுதிர்காலம் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். உதிர்வதற்கு முதலில் இலை வேண்டும். எழுபதுகளில் நாங்கள் தேராவில் குடியிருந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் மூன்று மரங்கள். மூன்றும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி புழுதி படிந்து நிற்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் மட்டும் அக்டோபர் மாதத்துக்கு ஆரஞ்சு நிற இலைகளும், கொட்டை பொறுக்கும் அணிலும் இருந்தன. ஆசிரியை சொன்னபடி அவற்றுக்கு வண்ணம் தீட்டி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அது வேறு யாரோ வாழும் ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பருவத்தை அறிவிக்கிறவள் அம்மா. மே மாதத்திலிருந்து இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்த ஏ.சி.யை ஒருநாள் சாயங்காலம் அவள் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பாள். அந்த அமைதியில் காது கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். பிறகு ஊர் நடுவே ஓடும் உப்பங்கழியான க்ரீக்கில் போகும் அப்ராப் படகுகளின் சத்தம் வீட்டுக்குள் வரும். கோடை முழுக்கக் கையைச் சுட்ட குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகும். காயல்பட்டணத்து மளிகைக் கடைக்காரர், வானத்தில் சுஹைல் நட்சத்திரம் தெரிந்துவிட்டது, அரபிகள் கணக்கில் வெயில் முறிந்தது என்று அப்பாவிடம் சொல்வார். கடை வாசலில் ஈரான் மாதுளம்பழம் குவிந்திருக்கும். வெயிலுக்குப் பயந்து கரையிலேயே கிடந்த மீன்பிடிப் படகுகள் வஞ்சிரத்தைத் தேடி மறுபடி கடலுக்குப் போகும். இதெல்லாம் நடந்தால் தீபாவளி வரப்போகிறது என்று அர்த்தம்.

தீபாவளி வரும், வெடி வராது. அதுதான் என் குறை. கோடை லீவுக்கு ஊருக்குப் போய்ச் செப்டம்பரில் திரும்பிவிடுவதால், விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு புஸ்வாணம்கூடக் கொளுத்தியதில்லை. அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. திருச்சியிலிருந்த பெரியப்பா மகள் தனக்கு வாங்கப்போகும் சங்கு சக்கரம், லட்சுமி வெடி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தாள். கடைசியில், உங்கள் ஊரில் தீபாவளியன்று என்ன செய்வீர்கள் என்று வேறு கேட்டிருந்தாள். நான் புதுப்பாவாடை வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

என்னை வெளியே இழுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. அப்பாவே தன் கஃபீலிடம், அதாவது விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளியிடம், கெஞ்சி விசா வாங்கி, ஆறு மாதத்துக்கு முன்புதான் வரவழைத்திருந்தார். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலை. எங்கள் ஹாலில் பாய். இருபத்திரண்டு வயது மாமா யாரையும் அழவிட்டுப் பார்க்க முடியாதவர். அப்பா அதற்கு நேர் எதிர். ஏதாவது தப்பு நடந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்குத்தான் என்று மாமாவை வாரம் ஒருமுறையாவது எச்சரிப்பார். இட்லிக்குச் சட்னி வைப்பதுபோல அந்த எச்சரிக்கை வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டோடு வரும்.

ஊரில் எவளும் பார்த்திராத மத்தாப்பு ஒன்று தருகிறேன், எழுந்து வா என்றார் மாமா. நான் வந்தேன்.

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல், லேகியம், டின் நெய்யில் செய்த மைசூர்பாகு எல்லாம் ஆயிற்று. அன்று வேலைநாள் என்பதால் அப்பா ஆபீசுக்கும் நான் பள்ளிக்கும் போய்வந்தோம். சாயங்காலம் நாலு பேரும் காரில் ஏறி, ஊருக்கு வெளியே கடற்கரைக்குப் போனோம். தூரத்தில் பேரீச்ச ஓலைக் குடில்கள் சில இருந்தன. மற்றபடி மணலும் தண்ணீரும்தான். சூரியன் இறங்கி வெளிச்சம் மங்கியதும் மாமா சட்டைக்குள்ளிருந்து குழல் ஒன்றை எடுத்தார். காலாவதியாகிவிட்டதென்று கம்பெனியில் தூக்கிப்போடச் சொன்ன சாமானாம். அப்பா அது என்னவென்று கேட்டு முடிப்பதற்குள் மாமா அடியிலிருந்த கயிற்றைச் சுண்டிவிட்டார்.

அந்த மாதிரி ஒன்றை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. உஸ்ஸென்று மேலே போய், வானத்தில் செக்கச்செவேலென்று ஒரு விளக்கு பூத்தது. சின்னக் குடை ஒன்றில் தொங்கிக்கொண்டு, இறங்க மனமில்லாமல் மெதுவாக இறங்கியது. கடல் சிவந்தது. அம்மாவின் முகம் சிவந்தது. நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். லட்சுமி வெடியாவது ஒன்றாவது.

கப்பலில் அதை ஃப்ளேர் என்பார்கள். கடலின் மேல் சிவப்பாக அது எரிந்தால் ஒரே ஓர் அர்த்தம்தான்: படகு முழுகுகிறது, காப்பாற்ற வாருங்கள். ஸ்டோரில் அதை எண்ணி அடுக்குகிற மாமாவுக்கு இது தெரியாததில்லை. ஆளில்லாத கரை என்று நம்பிவிட்டார்.

முதலில் குடில்களிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கறுப்பு அங்கியும், மூக்கின் மேல் மினுங்கும் முகமூடியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். வந்த வேகத்தில் தண்ணீருக்குள்ளேயே இறங்கி, கடலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் மத்தியானமே வஞ்சிரம் பிடிக்கப் போயிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தீபாவளியைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது என்று நினைத்தேன். எல்லாருக்கும் கையசைத்தேன்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "யல்லா, எல்லாரும் வண்டியில ஏறுங்க. நம்மள யாரும் சரியாப் பாக்கல" என்றார். விஷயம் போலீசுக்குப் போனால் மாமாவின் விசா மட்டுமல்ல, வாங்கிக் கொடுத்த தன் விசாவும் போய்விடும் என்ற பயம்.

மாமா நகரவில்லை. "யாரும் முழுகலன்னு எனக்கு மட்டுந்தான் அத்தான் தெரியும். நான் சொல்லாட்டி அவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.

அங்கே ஒரு கிழவர் கைத்தடியோடு நின்றிருந்தார். மாமா அவரிடம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தெரிந்த அரபியையும் இந்தியையும் ஒன்றாகப் போட்டு, "போட் மாஃபி. மேரா கல்தி" என்றார். படகெல்லாம் முழுகவில்லை, தப்பு என்னுடையது என்று அர்த்தம். கிழவர் கைத்தடியை ஓங்கினார். பிறகு அடிக்காமல் இறக்கி, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போயிருந்த ஆறு படகும் திரும்பும்வரை விடவில்லை. அதற்குள் அப்பாவும் போய் மாமாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அப்பாவை நினைத்து நான் பெருமைப்படும் நாட்களில் அதுவும் ஒன்று.

கடலில் இருந்தவர்களும் வெளிச்சத்தைப் பார்த்திருந்தார்கள். வலையைப் பாதியில் போட்டுவிட்டு, யாருக்கோ ஆபத்து என்று தேடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கரைக்கு வந்தார்கள். ஐந்து படகு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் தண்ணீரில் நின்ற பெண்களில் சிலர் கரையேறினார்கள். ஆறாவது வரவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா கார்க் கதவைப் பிடித்தபடி முருகனை முணுமுணுத்துக்கொண்டிருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை.

இரவு இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகு ஆறாவது படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. அதில் வந்த ஆள், முழுகாத படகைத் தேடி எல்லாரையும்விட அதிக தூரம் போயிருந்தானாம். கிழவர் மாமாவின் கையை விட்டார். கலாஸ், முடிந்தது, என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குடிலுக்குப் போய்விட்டார். எந்தப் புகாரும் போகவில்லை. மாமா அதே கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஆனால் அப்பா அவரோடு பேச ஆரம்பித்தது கார்த்திகை பிறந்த பிறகுதான்.

நான் சொல்லவந்தது கடைசிவரை தண்ணீரில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி. படகின் சத்தம் கேட்டதும் அவள் நின்ற இடத்திலேயே, தண்ணீரிலேயே, உட்கார்ந்துவிட்டாள். முகமூடிக்குக் கீழே அவளுடைய தாடை நடுங்கியது. விம்மி விம்மி அழுதாள். பார்க்க எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் ஓடிவந்தும் மத்தாப்பு அணைந்துவிட்டதே, அவள் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. புதுப்பாவாடை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவளிடம் போனேன்.

"அழாதீங்க. அடுத்த வருஷமும் எங்க மாமா விடுவாங்க" என்று அவளுடைய தோளைத் தட்டிச் சொன்னேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, என்னை இழுத்து ஈர அங்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டாயம் வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டதாக நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான்.