அரசரின் வலக்கையைத் தாங்குபவர்

ஒரே கதையை நாள் முழுக்க நின்றுகொண்டே சொல்லிப் பிழைக்கிறவர்களுக்குக் கால்வலி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துக்கு அரசர்களை அனுப்பிய ஜெர்மன் ஊர் ஹனோவர். அந்தப் பெருமையில் எங்கள் அருங்காட்சியகம் முடிசூட்டு விழாக் கண்காட்சி ஒன்று வைத்தது. ஞாயிறுகளில் அதைத் தமிழில் சுற்றிக் காட்டுவது என் வேலை.

வாள்காரர்

விழாவில் ஒரு பிரமுகர் கனத்த வாளை நெடுநேரம் நிமிர்த்திப் பிடித்தபடி நிற்க வேண்டும். மாதிரி வாளை ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, சொல்லிவைத்தாற்போல் உடனே கீழே வைத்துவிடுவார்கள். ஒரு அக்கா மட்டும் தொடவே இல்லை.

"எங்கட கோயில் தேருக்கு என்ர தம்பி குடை பிடிச்சவன். அடுத்த நாள் வேலைக்கு லீவுக் கடிதம் எடுத்தவன்."

தொட்டால் போதும்

குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டும் பொன் முள்ளை ஒரு பிரபு அரசரிடம் கொண்டுவந்து நீட்டுவார். இப்போதெல்லாம் அரசர் அதைத் தொடுவதோடு சரி. டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்திருந்த கோயம்புத்தூர்ப் பொறியாளர் பெருமூச்சு விட்டார்.

"எங்க ஆபீஸ்லயும் அதேதாங்க. மேனேஜர் தொடுவாரு, நான் எடுத்துட்டுப் போவேன்."

வலக்கை

போன மாதம் டுசல்டோர்ஃபிலிருந்து கணவனும் மனைவியுமாக ஒரு அண்ணையும் அக்காவும் வந்தார்கள். பக்கவாதம் வந்ததில் அண்ணைக்கு வலக்கையும் வலக்காலும் பலவீனம். அக்கா பிடிக்கப் போனால், "சனம் பாக்குது, விடும்" என்று தட்டிவிடுவார். வாசலிலேயே ஒருமுறை தடுமாறினார். கட்டடம் பழசு, லிஃப்ட் இல்லை; கண்காட்சியோ மாடியில். எப்படியோ ஏறிவிட்டார். திரும்பி இறங்கும்போது விழுந்துவிடுவாரோ என்று அக்காவின் கண் படம் எதிலும் நிற்கவில்லை. எனக்கும் பயம்தான்.

கடைசிக் கூடத்தில், செங்கோல் பிடிக்கும் அரசரின் வலக்கையைத் தாங்குவது ஒரு பிரபுவின் பரம்பரை உரிமை என்றேன். அதற்கு விண்ணப்பம் போடுவார்கள், விசாரணை நடக்கும், சிலருக்குக் கிடைக்காமலும் போகும் என்றேன்.

"அப்ப நானும் ஒரு அன்ட்ராக் போடவோ?" என்றார் அக்கா. முப்பது வருடமாக ஜெர்மன் அலுவலகங்களில் விண்ணப்பம் போட்டுப் பழகியவர்.

அண்ணை படிக்கட்டின் மேல்முனையில் வந்து நின்றார். கீழே பார்த்தார். பிறகு வலது முழங்கையைக் கொஞ்சம் விலக்கி அக்காவிடம் கொடுத்தார்.

"உம்மட அன்ட்ராக் சரிவந்திட்டுது. மெல்ல நடவும், அரசர் வாறார்."

இத்தனை முடிசூட்டு விழாக்களை மனப்பாடமாக ஒப்பிக்கிற எனக்கு, நேரில் பார்க்கக் கிடைத்தது அந்தப் பதினெட்டுப் படிகளில் நடந்தது ஒன்றுதான்.